37 லிட்டர் டேங்கில் 38.4 லிட்டர் பெட்ரோல் பிடித்தது எப்படி?

கேள்வி: நெடுஞ்சாலைப் பயணி

வணக்கம். என் காரின் கையேட்டில் பெட்ரோல் டேங்கின் கொள்ளளவு 37 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை திருச்சியிலிருந்து சென்னை திரும்பும்போது, உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் ரிசர்வ் விளக்கு எரிந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓட்டி, விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு பங்கில் டேங்கை நிரப்பச் சொன்னேன். 35.9 லிட்டரில் குழாய் தானாகவே நின்றது. தொகையை முழுதாக்கித் தருவதாகச் சொன்ன ஊழியர், விட்டு விட்டு அழுத்தி 3,900 ரூபாய் வரை கொண்டுபோனார், மீட்டர் 38.4 லிட்டர் காட்டியது. டேங்க் காலியாகவே இருந்திருந்தாலும் 37 லிட்டருக்கு மேல் பிடிக்காதே என்று கேட்டேன். எல்லாக் கார்களிலும் இப்படித்தான் என்றார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா, அல்லது கையேட்டில் உள்ள எண்ணை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

பதில்: மதுரைப் பட்டறை

நண்பரே, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ரிசர்வ் விளக்கு எரியும்போது டேங்கில் 5 லிட்டர் இருந்ததாகக் கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டிலேயே இருக்கக்கூடும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால், 30 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர் செலவாகி, 3.3 லிட்டர் மீதம் இருந்திருக்கும். ஆகவே குழாய் தானாக நின்றபோது டேங்கில் 39.2 லிட்டரும், கடைசியில் 41.7 லிட்டரும் இருந்திருக்க வேண்டும். 37 லிட்டர் டேங்கில் இது நடக்கக்கூடியதே.

கையேட்டில் இருப்பது, நிறுவனம் நிரப்பச் சொல்லும் அளவு. பாத்திரத்தின் முழுக் கொள்ளளவு அதைவிட அதிகம். பட்டறையில் டேங்கைக் கழற்றி இறக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: பின் இருக்கைக்கு அடியில் கிடைத்த இடத்திலெல்லாம் நுழையும்படி வளைத்து வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் தொட்டி அது. காற்று வெளியேறும் வால்வு, தொட்டியின் கூரையிலிருந்து சற்றுக் கீழே இறங்கி நிற்கும். பெட்ரோல் அந்த மட்டத்துக்கு ஏறியதும் வால்வின் மிதவை எழும்பி வழியை அடைத்துவிடும். உள்ளே அகப்பட்ட காற்று பெட்ரோலை மேலே ஏறவிடாது. அதற்கு மேல் இருக்கும் வெற்றிடம் வேண்டுமென்றே விடப்படுவது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் பெட்ரோல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவடையும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளுமையாக வந்த 40 லிட்டர், வெயிலில் நிற்கும் காரில் 12 டிகிரி சூடேறினால் அரை லிட்டர் அளவுக்குப் பெருகும். அதற்கும், எழும் ஆவிக்கும் இடம் வேண்டும்.

அந்த இடத்தை நிரப்புவதால் விளையும் கேட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் உறிஞ்சிக்கொள்ள, கரி நிரப்பிய கேனிஸ்டர் ஒன்று காரில் இருக்கிறது. ஆவி போக வேண்டிய வழியில் பெட்ரோலே போனால் கரி ஊறிப்போகும். எப்போதும் விளிம்பு வரை நிரப்பும் வழக்கமுள்ள ஒருவரின் காரில் கேனிஸ்டரைக் கழற்றிச் சாய்த்தபோது, பெட்ரோல் கரித்தூளோடு கறுப்பாக ஒழுகியது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி உடனே ஸ்டார்ட் ஆவதில்லை என்பதுதான் அவர் கொண்டுவந்த புகார்.

அடிமட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பம்ப் உறிஞ்ச முடியாமல் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தங்கியே இருக்கும். அதை அந்த 37இல் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை.

பதில்: முன்பு பங்கில் பணியாற்றியவர்

மேலே சொன்னவை சரியே. ஆனால் அதை வைத்து அந்தப் பங்க் நேர்மையானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. டேங்கின் உண்மையான கொள்ளளவு நமக்குத் தெரியாதபோது, அதைக் கொண்டு மீட்டர் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. குழாய் நிற்கும் இடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குழாயின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோலோ நுரையோ அதை மூடியதும் உள்ளே இருக்கும் விசை விடுபட்டு ஓட்டம் நின்றுவிடும். வேகமாக விட்டால் முன்னதாகவே நிற்கும், மெதுவாக விட்டால் தாமதித்து நிற்கும். கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் அளவு மாறும்.

சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியது ஐந்து லிட்டர் அளவை. முத்திரையிட்ட அந்தக் கலத்தை ஒவ்வொரு பங்கிலும் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அவர் கண் முன்னே அளந்து காட்டவும் வேண்டும். முதலில் ஒருமுறை நிரப்பிக் கவிழ்த்து வடியவிட்டு, உட்புறம் நனைந்த பிறகே அளக்க வேண்டும். காய்ந்த கலத்தில் அளந்தால் சுவரில் ஒட்டும் பெட்ரோல் கணக்கில் குறையும். கழுத்தில் உள்ள கோட்டிலிருந்து 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம், அதற்கு மேல் போனால் தவறு. நூற்றுக்கு ஐந்து குறைத்து ஊற்றும் குழாய் என்றால் 250 மில்லி குறையும். ஒடுங்கிய கழுத்தில் அது யாருக்கும் தெரிந்துவிடும். அளந்து காட்ட மறுத்தால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் எடையளவு அலுவலர்களிடம் புகார் கொடுக்கலாம். நீங்கள் ஊழியரோடு வாதாடிய நேரத்தில் இந்தச் சோதனையே முடிந்திருக்கும் என்பதுதான் என் வருத்தம்.

மறுமொழி: நெடுஞ்சாலைப் பயணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை வீட்டுக்கு அருகே வழக்கமாகப் போகும் பங்கில் ஐந்து லிட்டர் அளவைக் கேட்டேன். தயங்காமல் எடுத்து வந்தார்கள். கோட்டுக்குச் சுமார் 10 மில்லி கீழே நின்றது. விழுப்புரத்துக் குழாயின் அளவு சரியா என்பதை இனி நான் அறிய வழியில்லை. அடுத்த முறை அந்த வழியே போகும்போது அங்கேயும் கேட்டுப் பார்ப்பேன். இன்னொன்று: அன்று நிரப்பியதிலிருந்து காருக்குள் லேசான பெட்ரோல் வாடை வருகிறது. இது அந்தக் கேனிஸ்டரால்தானா?

பதில்: மதுரைப் பட்டறை

அதனாலும் இருக்கலாம், மூடி சரியாக இறுகாததாலும் இருக்கலாம். முதலில் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளிக் சத்தம் கேட்கும்வரை திருகி மூடுங்கள். டேங்க் பாதியாகக் குறைந்த பிறகும் வாடை நிற்கவில்லை என்றால், அல்லது வண்டிக்கு அடியில் ஈரம் கண்டால், தாமதிக்காமல் பட்டறையில் காட்டுங்கள். இனி எங்கே நிரப்பினாலும் குழாய் முதல்முறை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.