பக்கத்து வீட்டுல அடி விழுது: நீங்க பார்த்தது, செஞ்சது

மாடிவீடு:
மேல்வீட்டுச் சத்தம் எங்க பிளாக்குக்கே தெரியும். அன்னிக்குப் பொறுக்க முடியாம காலிங் பெல் அடிச்சேன். அவர்தான் கதவைத் திறந்தார். தலை கலையல, மூச்சு வாங்கல. "சொல்லுங்க மேடம்." பின்னாடி அந்தப் பொண்ணு உடைஞ்ச கண்ணாடியை ஒரு கையாலயே பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு, மறு கையை நெஞ்சோட அணைச்சபடி. "ஒண்ணுமில்லக்கா, டம்ளர் கைதவறிருச்சு." நான் இன்னும் வாயே திறக்கல. அசோசியேஷன் குரூப்ல எழுதினேன். செயலாளர் பதில்: "இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் எழுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்." கீழே வரிசையா கும்பிடு எமோஜி.

ரவுண்டானா:
சம்பாதிக்கிற பொண்ணுன்னா கிளம்பிப் போக வேண்டியதுதானே? எங்க ஆபீஸ்லயும் ஒருத்தங்க அழுவாங்க. மறுநாள் அதே ஆளோட வண்டியில வந்து இறங்குவாங்க.

சின்னவள்:
ரவுண்டானா, எங்க அக்கா கிளம்பினாங்க. பெட்டி கட்டினது தெரிஞ்ச ராத்திரிதான் அவர் முதல் தடவையா கழுத்தைப் பிடிச்சார். விட்டுட்டுப் போற நேரம்தான் உயிருக்கே ஆபத்தான நேரம். கழுத்தை நெரிச்சிருந்தா பின்னாடி கொலை வரைக்கும் போற வாய்ப்பு பல மடங்குன்னு ஆராய்ச்சியே இருக்கு. ஸ்டேஷன்ல "அனுசரிச்சுப் போறியாம்மா?"ன்னு கேட்டாங்க. அக்காவுக்குக் குரலே வரல, தலையை மட்டும் ஆட்டினாங்க. அதைச் சம்மதம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.

கறுப்புக்கோட்டு:
என் கதை சின்னது. எதிர்வீட்டுக்காக ஒருதடவை தகவல் கொடுத்தேன், ஆள் வந்து விசாரிச்சாங்க. ஆனா எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 4: யார் வேணும்னாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோட தந்தா உங்க மேல வழக்கு வராது. தமிழ்நாட்டுல மாவட்ட சமூக நல அலுவலகத்துல விசாரிங்க. பிரிவு 5: உரிமைகளையும் இலவச சட்ட உதவியையும் போலீஸே பாதிக்கப்பட்ட பொண்ணுக்கு எடுத்துச் சொல்லணும். சமரசம் எழுதி வாங்குறது அந்தப் பட்டியல்ல கிடையாது. பிரிவு 17: வீடு யார் பேர்ல இருந்தாலும் அவங்களுக்கு அங்க இருக்க உரிமை உண்டு. மாமனார் வீடா இருந்தாலும் அது பொருந்தும்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கோர்ட் தர்ற பாதுகாப்பு உத்தரவை மீறினா ஓராண்டு வரை ஜெயில். பெண்கள் உதவி எண் 181 எந்நேரமும் உண்டு. சும்மா பெல் அடிச்சிட்டுத் திரும்பி வராதீங்க.

சின்னவள்:
சட்டம் நாங்களும் படிச்சோம் சார். அக்காவைத் தனியா கூப்பிட்டுக் கேளுங்கன்னு கெஞ்சினேன். அவரையும் பக்கத்துலயே உட்கார வச்சுத்தான் கேட்டாங்க. அதுக்கு எந்தப் பிரிவு?

ரவுண்டானா:
நான் பொதுவாத்தான் சொன்னேன்.

மாடிவீடு:
பெல் அடிச்சதைக் குறை சொல்றவங்க அந்த பிளாக்குல குடியிருந்து பாருங்க. 181-க்குக் கூப்பிட்டா என் பேரைக் கேப்பாங்களா? அந்த ஆள்தான் எங்க அசோசியேஷன் பொருளாளர்.