மூளைச்சாவை உறுதி செய்ய எடுத்த ஸ்கேன்: உங்கள் அனுபவங்கள்

வேனில்:
அண்ணனுக்கு நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டிருந்ததால், சுவாசக் கருவியின் உதவியில்லாமல் தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஆப்னியா பரிசோதனையைத் தொடங்கியதுமே ஆக்சிஜன் சரிந்து, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகுதான் ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் திரையில் காட்டிய படம் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை: மண்டையோட்டின் உட்புறம் முழுவதும் வெறுமையாக இருக்க, மூக்கு இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மூக்குக்குப் போகும் ரத்தம் மூளைக்கு ஏன் போகவில்லை என்று அண்ணி கேட்டார். அவருக்குப் புரியும்படி அன்று எவரும் சொல்லவில்லை.

ஸ்கேன் அறைப் பணியாளர்:
அண்ணியின் கேள்வி மிகச் சரியானது. மூளை வீங்கி, மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தம் ரத்த அழுத்தத்தை மிஞ்சும்போது உள்ளே செல்லும் ஓட்டம் நின்றுவிடுகிறது. முகத்துக்கு ரத்தம் தரும் வெளிக் கழுத்துத் தமனிக்கு அந்தத் தடை இல்லை. நாங்கள் செலுத்துவது, உயிருள்ள மூளைத் திசு தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும் டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்க மருந்து. ஒருமுறை நோயாளியின் மகள், "சற்று நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள், மருந்து மெதுவாக ஏறலாம் அல்லவா" என்றார். தாமதித்து எடுக்கும் படம் எங்கள் முறையிலேயே உண்டு, எடுத்தோம். அதிலும் வெறுமைதான். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் சொன்ன பிறகு ஐயத்துக்கு இடமில்லை.

கரையோரன்:
கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தைக்கு முகக் காயத்தால் கண்பாவையைச் சோதிக்க முடியாமல் ஸ்கேனுக்குப் போனோம். மெல்லிய ஓட்டம் தெரிகிறது என்றதும் அம்மா உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் நல்ல செய்தி சொல்லத் தொடங்கிவிட்டார். வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை முன்பே அகற்றியிருந்ததால் அழுத்தம் முழுமையாக ஏறாது என்பதும், மூளை செயலிழந்த பிறகும் ஓட்டம் மிஞ்சியிருக்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஸ்கேனில் ஓட்டம் இல்லை.

ஆகவே இந்நிலையில் இருப்பவர்கள் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படுக்கையருகே செய்யும் பரிசோதனையில் எது முடியாமல் போனதால் ஸ்கேன் தேவைப்படுகிறது? உடல் வெப்பநிலை 36 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கிறதா, மயக்க மருந்துகள் உடலிலிருந்து நீங்கிவிட்டனவா? எந்த வகைப் படம் எடுக்கிறார்கள்? மூளைச்சாவை உறுதி செய்யும் முறைகளை வகுத்த பன்னாட்டு முயற்சியான உலக மூளைச்சாவுத் திட்டத்தின் நிபுணர்கள் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, கூடுதல் ஆய்வுகள் வரும்வரை சிடி ஸ்கேன் மூலம் ரத்த நாளங்களைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோகிராமை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. வடிகுழாய் வழியே மூளைக்குச் செல்லும் நான்கு தமனிகளிலும் சாயம் செலுத்தும் ஆஞ்சியோகிராமையும் கதிரியக்க மருந்து ஸ்கேனையும் ஏற்கிறது.

வேனில்:
விளக்கத்துக்கு நன்றி. அண்ணனுக்கு மண்டையோடு திறக்கப்படவில்லை. மூக்கைப் பற்றிய பதிலை மட்டும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.