சோலார் வேலியில் கரண்ட் போதவில்லை, பன்றி உள்ளே வருகிறது: உதவி தேவை

கேட்டவர்: பொத்தையடித் தோட்டம், களக்காடு

எல்லோருக்கும் வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் 4 ஏக்கரில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். கன்றுக்கு ஐந்து மாதம் ஆகிறது. காட்டுப்பன்றி ராத்திரியில் வந்து கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது. ஒரே இரவில் 40 கன்று போனது.

வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் சோலார் வேலி போட்டேன். சுற்றளவு 500 மீட்டருக்குச் சற்று மேல், ஐந்து கம்பி. கம்பிக்குத் துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் விடுகிற பெட்டியை வேலியிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தால் மீட்டர் 8.2 கிலோவோல்ட் காட்டுகிறது. வேலியோடு சேர்த்தால் கேட் பக்கம் 3.4, மேல் மூலையில் 1.6. போன மழைக்காலத்தில் இப்படி இல்லை, நன்றாகவே அடித்தது. சித்திரை பிறந்ததிலிருந்துதான் இந்தப் பாடு. பேட்டரி புதிது. கம்பியில் மோதும் செடி கொடியையெல்லாம் வெட்டிவிட்டேன்.

அவசரம் ஏன் என்றால், பக்கத்துத் தோட்டக்காரர் பொறுமை இழந்துவிட்டார். மோட்டார் ரூமிலிருந்து நேரடியாக லைன் இழுத்துக் கம்பியில் விடப்போவதாகச் சொல்கிறார். எங்கள் ஓடைக்கரையில் கரடி வந்துபோகிற தடம் இருக்கிறது. நகத்தடம் நீளமாக, மண்ணில் தெளிவாகத் தெரியும். என் வேலி ஒழுங்காக வேலை செய்வதை அவர் கண்ணால் பார்த்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுவார். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

பதில்: திருக்குறுங்குடி வாழைக்காரர்

அண்ணாச்சி, தோட்டத்தைச் சுற்றிக் கலர் சேலை கட்டிப் பார்த்தேன், மினுக்கும் விளக்கும் வைத்தேன். பத்து நாள் பயந்தது, அப்புறம் சேலைக்கு அடியிலேயே நுழைந்து வந்தது. எனக்குக் கைகொடுத்தது வேலிதான். 4 கிலோவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பன்றி மதிக்காது. அதன் மேல்முடி அப்படி, மூக்கில் பட்டால்தான் உறைக்கும். உங்கள் 1.6 எல்லாம் அதற்குச் சும்மா தடவிக்கொடுக்கிற மாதிரி.

பதில்: சேரன்மகாதேவி மின்பணி

எர்த், அதாவது பெட்டியிலிருந்து மண்ணுக்குள் இறக்குகிற ராடு, எப்படிப் போட்டிருக்கிறீர்கள்? மழையில் நன்றாக அடித்தது, கோடையில் இல்லை என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். பன்றி கம்பியைத் தொட்டதும் துடிப்பு அதன் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கி, மண் வழியாக எர்த் ராடுக்குத் திரும்பி வரவேண்டும். மண் காய்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இப்படிச் சோதியுங்கள். பெட்டியை அணைத்துவிட்டு, 100 மீட்டர் தள்ளி இரண்டு மூன்று இரும்புக் கம்பியை வேலியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். பெட்டியைப் போட்டதும் வேலியில் 2 கிலோவோல்ட்டுக்குக் கீழே வரவேண்டும். அந்த நேரத்தில் மீட்டரை எர்த் ராடில் வைத்து, அதன் மறுமுனையைத் தள்ளி மண்ணில் குத்திப் பாருங்கள். 0.3 கிலோவோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை.

கேட்டவர்:

ஒரே ராடுதான், 3 அடி, ஷெட் பக்கம் சரள் மண்ணில். நீங்கள் சொன்னபடி பார்த்தேன், 1.1 காட்டுகிறது!

பதில்: சேரன்மகாதேவி மின்பணி

அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. 6 அடி ராடு மூன்று, பத்துப் பத்தடி இடைவெளியில், ஈரம் நிற்கிற வாய்க்கால் கரையில் இறக்குங்கள். மூன்றையும் ஒரே கம்பியால் இணையுங்கள். மோட்டாரின் ஈபி எர்த்துக்கு 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஆனால் கேட்டிலேயே 3.4 தான் என்றால் வேலியில் கரண்ட் ஒழுக்கும் இருக்கிறது. எர்த் மட்டும் போதாதிருந்தால் மீட்டரில் இவ்வளவு இறங்காது. கேட்டுக்கு அடியில் மண்ணுக்குள் என்ன ஒயர் போட்டீர்கள்? வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற ஒயர் என்றால் அது சில நூறு வோல்ட்டைத்தான் தாங்கும், இந்த அழுத்தத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலிக்கென்றே கனத்த உறை போட்ட கேபிள் விற்கிறார்கள். இல்லையென்றால் கேட்டுக்கு மேலே வளைவு கட்டிக் கொண்டுபோங்கள். செம்பையும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியையும் நேராக முறுக்கிச் சேர்க்கக் கூடாது, இணைப்பு அரித்துவிடும்.

மீதி ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் பழைய டிரான்சிஸ்டர் போதும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடங்கள். துடிப்புக்குத் துடிப்பு 'டக் டக்' என்று கேட்கும். ஒழுகும் இடத்தில் சத்தம் கூடும்.

பக்கத்துக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். வேலிப் பெட்டி விடுகிற துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குகூட நிற்காது, அடுத்த துடிப்புக்கு ஒரு நொடி இடைவெளி உண்டு, அதற்குள் மிருகமோ மனிதனோ விலகிவிடலாம். 230 வோல்ட் நேர் லைன் விடாமல் பிடித்துக்கொள்ளும், தசை இறுகிப்போய்க் கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படி ஒரு வேலியில்தான் மூன்று யானை செத்தது. குட்டி இரண்டும் தாயைச் சுற்றிச் சுற்றி நின்றது. அந்த வருடமே மின்வேலிக்கு அரசு தனி விதி போட்டது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலி போட்டால் பதிவு செய்தாக வேண்டும். பன்றிக்கு வைக்கிற லைனில் கரடி சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதனும் சாவான்.

பதில்: மணிமுத்தாறு அக்கா

தம்பி, வேலி சரியானதும் கீழ்க்கம்பியையும் ஒருமுறை பாருங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அரையடி என்றால் அழுங்குக்கு, அதாவது எறும்புத்தின்னிக்கு, ஆபத்து. அழுங்கு ஷாக் அடித்தால் ஓடாது, சுருண்டுகொள்ளும். கம்பியைச் சுற்றியே சுருண்டால் ஒவ்வொரு துடிப்பும் அதன் மேல் விழும். தென்னாப்பிரிக்காவில் அழுங்கும் ஆமையும் இப்படி மின்வேலியில் சாவது பதிவாகியிருக்கிறது. நம் மலையடிவாரத்திலும் அழுங்கு உண்டு, அழிவின் விளிம்பில் இருக்கிற பிராணி. நான் ஒரு அடிக்கு உயர்த்தியிருக்கிறேன், அப்போதும் பன்றியின் மூக்கு அதில் இடிக்கத்தான் செய்கிறது. குட்டிப் பன்றி ஒன்றிரண்டு நுழையும், அதை நான் பொறுத்துக்கொள்கிறேன். காலையில் பெட்டியை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கேட்டவர்: (ஒன்பது நாள் கழித்து)

மின்பணி அண்ணாச்சி சொன்னது சரி. கேட்டுக்கு அடியில் வீட்டு ஒயர்தான் கிடந்தது. தோண்டி எடுத்தால் இரண்டு இடத்தில் கருகியிருந்தது. மேல் மூலையில் ஒரு இன்சுலேட்டர் உடைந்து கம்பி கல்தூணில் உரசிக்கொண்டு கிடந்ததை டிரான்சிஸ்டர் காட்டிக்கொடுத்தது. பகலில் எத்தனை தடவை அதைக் கடந்து போயிருப்பேன், கண்ணில் படவே இல்லை. வாய்க்கால் கரையில் மூன்று ராடு இறக்கியாயிற்று. இப்போது கேட்டில் 7.1, மேல் மூலையில் 6.4. எர்த்தில் 0.2.

நான்கு ராத்திரியாக ஒரு கன்றும் போகவில்லை. வேலிக்கு வெளியே பன்றிக் குளம்புத் தடம் வந்து, திரும்பி, ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறது.

அக்கா, என் கீழ்க்கம்பி முக்கால் அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து ஒரு அடிக்கு உயர்த்துகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் நேற்றுச் சாயங்காலம் வந்து மீட்டரைக் கையில் வாங்கி நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். அனுமதிக்கு எந்த ஆபீஸில் எழுதிக்கொடுக்க வேண்டும், ராடு எங்கே வாங்கினாய் என்று கேட்டார். நாளைக் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.