32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப் போடலாமா?

கேள்வி:
எங்கள் மகள் 32-ஆவது வாரத்தில் 1,450 கிராம் எடையுடன் பிறந்தாள். ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இன்றோடு 22 நாள் ஆகிறது. நேற்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு வாரத்துக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் கண்ணில் சிவப்போ பீளையோ இல்லை. பச்சைக் குழந்தையை 40 நாள் கழியாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது என்கிறார் மாமியார். கருவி வைத்து இமையை விரிப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் மனம் துணியவில்லை. 40 நாள் கழித்துப் போனால் போதுமா?

பதில் 1:
போதாது, சகோதரி. விழித்திரையின் ரத்தநாளங்கள் கருவின் 16-ஆவது வாரமளவில் பார்வை நரம்பின் அருகே தொடங்கி, ஏறக்குறைய 40-ஆவது வாரத்தில்தான் ஓரம்வரை சென்று சேர்கின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நின்று, பிறகு தாறுமாறாக முளைக்கும் நாளங்கள் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக் கூடும். ஆக்சிஜன் அதிகமானால் இந்த ஆபத்து கூடும் என்பதை மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் 1951-இலேயே எடுத்துக்காட்டினார். இவை எதுவும் வெளியிலிருந்து தெரியாது. நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். அது பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

பதில் 2:
என் தங்கை மகன் 30 வாரத்தில் பிறந்தான். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் கண் பரிசோதனை பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் மாதம் கருமணி வெண்மையாகத் தெரிந்த பிறகே ஓடினோம். அதற்குள் இரு கண்களிலும் விழித்திரை முழுதாகக் கழன்றிருந்தது. அறுவை சிகிச்சை செய்தும் இன்று அவனுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. உங்களுக்குச் சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள், அம்மா. தயவுசெய்து நாளைக்கே புறப்படுங்கள்.

பதில் 3:
பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பாவையை விரிக்கவும் வலி மரத்துப் போகவும் சொட்டு மருந்து விட்ட பின்னரே பார்ப்பார்கள். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழந்தை அழத்தான் செய்யும். வாந்தி எடுக்காதிருக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே பால் கொடுத்துவிடுங்கள். துணியில் நன்றாகச் சுற்றி எடுத்துச் சென்றால் மாமியாரின் கவலையும் சற்றுக் குறையும். சிகிச்சை தேவை என்றால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்பதால், அன்றைக்கே முடிவெடுக்கக் கணவரும் உடன் வருவது நல்லது. முதல் முறை நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், நாளங்கள் ஓரத்தை எட்டிவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை அவர் குறித்துக் கொடுக்கும் எந்தத் தேதியையும் விட்டுவிடாதீர்கள்.