வலி நடுவுல நின்னா ட்ரிப்ஸ் போட்டே ஆகணுமா?

கொங்குப்பொண்ணு எழுதியது:

வீட்டுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வந்துட்டு இருந்த வலி, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனதும் இருபது நிமிஷத்துக்கு ஒண்ணுனு ஆயிடும். இங்க பிள்ளை பெத்தவங்க பலருக்கு இது தெரியும். அதுக்கப்புறம் நடக்கறதும் தெரியும். "கர்ப்பப்பை வாய் நாலு செ.மீ. திறந்து அப்படியே நிக்குதும்மா, வலியைக் கூட்ட ட்ரிப்ஸ் போட்டுடலாம்"பாங்க. பனிக்குடத்தை உடைச்சு விடுவாங்க. ட்ரிப்ஸ் வலி மூச்சு விட இடம் குடுக்காம வந்து பொண்ணு துடிக்கும். சாயங்காலம் குழந்தைக்குத் துடிப்பு இறங்குதுனு தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போவாங்க. வெளியில நிக்கற சொந்தக்காரங்க "நல்லவேளை ஆஸ்பத்திரியில இருந்தோம்"னு கையெடுத்துக் கும்பிடுவாங்க.

நான் சொல்றது இதுதான். வலி நடுவுல தணியறது நோய் இல்லை. உடம்பு ஓய்வெடுக்குது, இல்லாட்டி பயந்து நிறுத்திக்குது. கர்ப்பப்பையை இறுக வைக்கிறது ஆக்சிடோசின்ங்கற ஹார்மோன், ட்ரிப்ஸ்ல ஏத்தறதும் அதைத்தான். பயந்தா அட்ரினலின் ஏறும், அது கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும். நைல்ஸ் நியூட்டன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960-கள்லயே எலிகளை வச்சுக் காட்டினாங்க: குட்டி போட்டுட்டு இருக்கறப்ப தொந்தரவு பண்ணினா அடுத்த குட்டி வர நேரமாகுது. இப்ப நம்ம லேபர் வார்டை நினைச்சுப் பாருங்க. கண்ணுக்கு நேரா டியூப் லைட்டு, பாதி இழுத்த பச்சைத் திரை, பக்கத்து டேபிள்ல அலறல், யாருன்னே தெரியாதவங்க மாத்தி மாத்தி வந்து விரல் விட்டுப் பார்க்கறாங்க. முதல்ல அறையை மாத்துங்க, அப்புறம் ஊசியை எடுங்க.

மதுரை_ஓஜி எழுதியது:

நான் மகப்பேறு டாக்டர், தனியார்ல. அதனால இந்த இழையில் வில்லி நான்தான்.

வலி நிற்கிறதுல ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு, நீங்க சொல்ற ஓய்வு: தாய் தெளிவா இருப்பாங்க, குழந்தையின் துடிப்பு 110-க்கும் 160-க்கும் நடுவுல இருக்கும், கொஞ்ச நேரம் விட்டா வலி தானா திரும்பும். இன்னொண்ணு, தலை சரியான கோணத்தில் திரும்பலை, அல்லது அந்த இடுப்பெலும்புக்குத் தலை பெரிசு. கர்ப்பப்பை முட்டி முட்டிப் பார்த்து ஓய்ஞ்சு போகும். தலையில் வீக்கம் கட்டும், மண்டையோட்டு எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அதுவும் தலைப்பிரசவத்தில்தான் இப்படி ஓய்ஞ்சு நிற்கும். மூணாவது, நாலாவது பிரசவத்தில் கர்ப்பப்பை ஓயாது, கிழியும். முதல் சில மணி நேரம் வெளியிலிருந்து பார்த்தா ரெண்டு ரகமும் ஒரே மாதிரிதான் தெரியும். "உடம்புக்குத் தெரியும்"னு எழுதறவங்க யாரும் மறுநாள் காலையில அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லப் போறதில்லை.

எலியை வச்சு வாதாடறது இருக்கட்டும். 2018-ல திருப்பூர்ல யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்த தாய் ரத்தப்போக்கில் செத்துப்போனது மறந்துடுச்சா?

கொங்குப்பொண்ணு எழுதியது:

திருப்பூர் வந்துடுச்சு. வரலைன்னாத்தான் அதிசயம். மேடம், நான் வீட்டுப் பிரசவம்னு ஒரு வார்த்தை எழுதலைங்க. ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கறதைத்தான் கேக்கறேன்.

எலி வேண்டாம்னா மாத்திரைக்கு வருவோம். ஏழாம் மாசத்துல வலி எடுத்தா அதை நிறுத்த டுவாடிலான் எழுதித் தர்றீங்களே, அது கர்ப்பப்பையில எந்த ரிசெப்டரை (மருந்து போய் ஒட்டற இடத்தை) பிடிக்குது? அட்ரினலின் பிடிக்கற அதே பீட்டா ரிசெப்டரைத்தானே? வெளியில இருந்து மாத்திரையா போனா மருத்துவம், பயத்துல உள்ளேயே ஊறினா மூடநம்பிக்கையா?

அப்புறம் அந்த நாலு செ.மீ. எங்கிருந்து வந்துச்சுன்னும் பேசிடுவோம். 1955-ல நியூயார்க்ல எமானுவேல் ஃப்ரீட்மேன்ங்கற டாக்டர் 500 தலைப்பிரசவப் பெண்களை வச்சு, கர்ப்பப்பை வாய் எவ்வளவு வேகமா திறக்குதுன்னு வரைஞ்ச கோடு. அவங்கள்ல ரொம்பப் பேருக்கு மயக்க மருந்து குடுத்திருந்தாங்க, பாதிக்கு மேல ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். 2010-ல ஜாங்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு அமெரிக்காவுல 62,415 பெண்களோட பதிவுகளை எடுத்துப் பார்த்தாங்க, அத்தனையும் சுகப்பிரசவம். அதுலயே 4-லிருந்து 5 செ.மீ. போக 6 மணி நேரத்துக்கு மேலயும், 5-லிருந்து 6 போக 3 மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம்னு தெரிஞ்சுது. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல, பிரசவத்தோட தீவிரக் கட்டம் 5 செ.மீ.லதான் ஆரம்பம், மணிக்கு 1 செ.மீ. கணக்கை வச்சு யாரையும் அவசரப்படுத்தாதீங்கன்னு சொல்லிடுச்சு. அப்ப நாலு செ.மீ.ல நிக்குதுனு ஆக்சிடோசின் ஏத்தறது எந்தப் புத்தகம்?

வேலாயுதம்78 எழுதியது:

குறுக்க பூந்ததுக்கு மன்னிக்கணும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 63.8. இன்ஷூரன்ஸ் கார்டு வச்சிருக்கற பொண்ணுங்களுக்கு மட்டும் இடுப்பெலும்பு சின்னதா இருக்குதுங்களா டாக்டர்?

மதுரை_ஓஜி எழுதியது:

வேலாயுதம் சார், தனியாருக்கு வர்றவங்கள்ல வயசு கூடினவங்க அதிகம், ஏற்கெனவே சிசேரியன் ஆனவங்களும் அதிகம். அதையெல்லாம் கழிச்ச பிறகும் மிச்சம் நிக்கும், அதை நான் மறைக்கலை. ஆனா ஜோசியர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டி "பத்தே முக்காலுக்குள்ள எடுத்துடுங்க மேடம், அப்புறம் நட்சத்திரம் மாறிடும்"னு நிக்கறவரும் உங்களை மாதிரி ஒரு வீட்டுக்காரர்தான்.

கொங்குப்பொண்ணு, பீட்டா ரிசெப்டர் சரி. அளவு? அந்த வகை மருந்தை நரம்பு வழியா ஏத்தினாலே குறைமாசப் பிரசவம் ரெண்டு நாள் தள்ளிப்போனா பெரிசு. டியூப் லைட்டைப் பார்த்து ஊறற அட்ரினலின் அதைவிட வலுவானதா? டென்மார்க்கில் தலைப்பிரசவப் பெண்கள் 680 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை மங்கின விளக்கு, சுவர்ல இயற்கைக் காட்சி, இதமான ஒலின்னு தனியா வடிவமைச்ச அறையில் வச்சுப் பார்த்தாங்க. ஆக்சிடோசின் ட்ரிப்ஸ் தேவைப்பட்டதில் கணக்கில் கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. அறையை மட்டும் மாத்தினா போதும்னு நீங்க சொன்னதுக்கு இதுதான் பதில்.

நாலு செ.மீ. விஷயத்தில் உங்களோட சண்டை இல்லை. ஆனா பாதியை மட்டும் எடுத்துக்காட்டாதீங்க. அதே உலக சுகாதார நிறுவனம் 2020-ல பார்ட்டோகிராஃபுக்கு (பிரசவம் எப்படி நகருதுன்னு குறிக்கற வரைபடம்) பதிலா ஒரு புது வழிகாட்டித் தாள் கொடுத்தது. அதில் 5 செ.மீ.ல 6 மணி நேரம் நகராம இருந்தா எச்சரிக்கை. 7-ல 3 மணி நேரம். 9-ல 2 மணி நேரம்தான். காத்திருக்கச் சொன்னவங்களே கடிகாரத்தையும் கையில கொடுத்திருக்காங்க.

மண்வாசனை எழுதியது:

எங்க பாட்டி களை எடுத்துட்டு இருக்கும்போதே வரப்புல பிள்ளை பெத்துட்டு சாயங்காலம் சோறாக்கினவங்க. ட்ரிப்ஸும் இல்லை, கடிகாரமும் இல்லை. எல்லாம் இந்த அலோபதி வந்து கெடுத்தது.

லேபர்வார்டு_சிஸ்டர் எழுதியது:

மண்வாசனை தம்பி, பாட்டி பெத்ததுல எத்தனை தங்குச்சுன்னும் கேட்டுட்டு வந்து எழுதுங்க.

மத்தவங்களுக்கு. நான் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். நைட்டு டியூட்டியில எங்க ரெண்டு பேரை நம்பித்தான் எல்லா டேபிளும். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடற அந்த "நிக்கற நேரம்" என் கையிலதான் இருக்கு, அதனால சொல்றேன்.

வலி நின்ன பொண்ணுகிட்ட நான் முதல்ல கேக்கறது, "கடைசியா எப்பம்மா மூத்திரம் போனே?" சிரிக்காதீங்க. பை நிறைஞ்சு கிடந்தா தலை இறங்காது, வலியும் சோம்பும். எழுந்து போகச் சொல்லிக் கூட்டிட்டுப் போய் வந்தா சிலருக்கு அரைமணியில வலி பிடிச்சுக்கும். அடுத்தது, சாப்பிட்டாளா? நேத்து ராத்திரி வலி ஆரம்பிச்சதிலிருந்து "ஆபரேஷன்னு சொல்லிட்டா?"ன்னு பயந்து அம்மாக்காரி ஒரு வாய் தண்ணி குடுத்திருக்க மாட்டா. கஞ்சியோ இளநீரோ உள்ள போகணும். அப்புறம் அவ வயித்துல கையை வச்சுப் பத்து நிமிஷம் உக்காரணும். எத்தனை வலி வருது, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கையிலதான் தெரியும். மெஷின் காகிதத்துல கோடு போடும், இறுக்கத்தோட வலுவைக் கைதான் சொல்லும். நடுவுல குழந்தைத் துடிப்பு அரைமணிக்குள்ள ஒருதரமாவது கேக்கணும், முக்கற கட்டம் வந்துட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்.

இந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கிடைக்கறதில்லை. கை வைக்கறதுக்குள்ள அடுத்த டேபிள்ல தலை தெரிய ஆரம்பிச்சிடும். ட்ரிப்ஸ் போட்டா மட்டும் வேலை மிச்சமான்னு கேட்டா, முறைப்படி அதுக்கு இன்னும் அதிகமா உக்காரணும். சொட்டு எண்ணணும், பத்து நிமிஷத்துல அஞ்சு வலிக்கு மேல போனா நிறுத்தணும். யார் எண்றாங்க? அதான் துடிப்பு இறங்குது. கொங்குப்பொண்ணு சொன்ன அந்தச் சாயங்காலக் கதை அங்கதான் உண்டாகுது. டியூப் லைட்டுல இல்லை.

யாழினி_லண்டன் எழுதியது:

சிஸ்டர் சொல்லுறது சரி. நான் லண்டனிலை இருக்கிறன். இஞ்சை மருத்துவமாது (பிரசவம் பாக்கப் பயிற்சி எடுத்தவா) நடத்திற பிரிவு ஆஸ்பத்திரியோடை சேர்ந்தே இருக்கு. சிக்கல் இல்லையெண்டால் டொக்டரைக் காணவும் மாட்டியள். எனக்கு 7 சென்ரிமீற்றரிலை நோ நிண்டு போச்சு. மருத்துவமாது லைற்றைக் குறைச்சுவிட்டா, என்ரை அம்மாவைத் தேத்தண்ணி தரச் சொன்னா, பிறகு மூலையிலை கதிரையைப் போட்டு இருந்தவா. ஆனால் சும்மா இருக்கேல்லை. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து பிள்ளையின்ரை துடிப்பைக் கேட்டவா.

2011 இலை இங்கிலாந்திலை சிக்கல் இல்லாத 64,538 பெண்களை வைச்சு ஒரு பெரிய ஆய்வு வந்தது. மருத்துவமாது பிரிவிலை சிசேரியனும் மற்றத் தலையீடுகளும் குறைவு, பிள்ளைக்கு ஆபத்துக் கூடேல்லை. அதே ஆய்விலை முதற்பிள்ளைக்காரரிலை ஏறத்தாழ பத்துக்கு நாலு பேர் இடையிலை டொக்டர் பிரிவுக்கு மாத்தப்பட்டவை. முதற்பிள்ளையை வீட்டிலை பெத்தவைக்குப் பிள்ளைக்கான ஆபத்துக் கூட இருந்தது. ரெண்டு பக்கமும் தங்களுக்குப் பிடிச்ச வரியை மட்டும் எடுக்காமல் முழுசாய் வாசியுங்கோ.

மதுரை_ஓஜி எழுதியது:

யாழினி, அந்த நாலு பேரை மாத்தறதுக்குப் பக்கத்துலயே தியேட்டரும் மயக்க டாக்டரும் உங்களுக்கு இருக்கு. எனக்கு மயக்க டாக்டர் ஊர்ல இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போறவர், போன் பண்ணித்தான் வரணும். சாயங்காலம் ஆறு மணிக்கு நின்ன வலி ராத்திரி ரெண்டு மணிக்கு விபரீதமானா நான் தனியாள். அதனால சில நாள் ஆறு மணிக்கே முடிவெடுக்கறேன். இதை மருத்துவக் காரணம்னு சொல்லலை, நிலவரம்னு சொல்றேன். இந்தியாவிலும் 2018-ல் நீங்க சொல்ற மருத்துவமாது மாதிரிப் பேறுகால உதவியாளர்களுக்குன்னு வழிகாட்டுதல் வந்துச்சு, நர்ஸுகளுக்குப் பதினெட்டு மாசப் பயிற்சி. தனியார்ல அப்படி ஒருத்தரைச் சம்பளம் கொடுத்து வைக்க எந்த முதலாளி தயார்?

கொங்குப்பொண்ணு எழுதியது:

முதலாளி தயாரில்லை, சரி. காசில்லாத ஒண்ணைக் கேக்கறேன். 17 நாடுகள்ல 15,858 பெண்களைப் பார்த்த 26 ஆய்வுகளை 2017-ல கோக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு தொகுத்தாங்க. பிரசவம் முழுக்கக் கூடவே ஒருத்தர் இருந்தா சிசேரியன் ஏறத்தாழ கால்வாசி குறையுது, பிரசவ நேரமும் சராசரி 40 நிமிஷம் குறையுது. நீங்க காட்டின டென்மார்க் அறைக்குக் கிடைக்காத பலன் இது. நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல பெண் துணையை உள்ளே விடற திட்டம் பல வருஷமா இருக்கு. தனியார்ல மட்டும் ஏன் அம்மாவை வராண்டாவுல பிளாஸ்டிக் சேர்ல உக்கார வைக்கறீங்க? நீங்க சொன்ன அந்த 2020 தாள்லயே கடிகாரக் கட்டத்துக்கு மேல "துணை" கட்டம் இருக்குதுங்களே மேடம். நீங்களும் பாதியைத்தான் எடுத்துக்காட்டினீங்க.

லேபர்வார்டு_சிஸ்டர் எழுதியது:

எங்ககிட்ட திட்டம் இருக்கு, ஆனா கூட்டம் சேர்ந்தா முதல்ல வெளியே போகச் சொல்றது அந்தத் துணையைத்தான். அதையும் எழுதிக்கங்க.

மதுரை_ஓஜி எழுதியது:

அம்மாவை உள்ளே விட்டா, பொண்ணு கத்தற கத்தலைப் பார்த்து அரைமணியில் "சிசேரியன் பண்ணிடுங்க"ன்னு முதல்ல அழறது அவங்கதான். ஏழாம் மாசத்துலயே கூட்டிவந்து பழக்கினா வேற கதை. அப்படிப் பழகின அம்மா வந்தா நான் கதவைத் திறக்கறேன்.

முப்பத்தாறாம்வாரம் எழுதியது:

அக்காமார்களே, எல்லாத்தையும் படிச்சுட்டு இன்னும் பயம்தான் கூடுது. அடுத்த வாரம் செக்கப். டாக்டர்கிட்ட என்னதான் கேக்கட்டும்?

கொங்குப்பொண்ணு எழுதியது:

அம்மா உள்ளே இருக்கலாமா, நடக்க விடுவாங்களா, 5 செ.மீ.க்கு முன்னாடி வலி நின்னு, குழந்தைத் துடிப்பும் நல்லா இருந்தா வீட்டுக்கு அனுப்புவாங்களா, இல்லை ட்ரிப்ஸா. மூணாவது கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா"ன்னு பதில் வந்தா வேற டாக்டரையும் ஒருதரம் பார்த்துடுங்க.

மதுரை_ஓஜி எழுதியது:

அதோட ராத்திரியில மயக்க டாக்டர் வர எத்தனை நிமிஷம் ஆகும்னும், ரத்தம் எங்கிருந்து வரும்னும் கேளும்மா. கேட்டா எந்த டாக்டரும் கோவிச்சுக்கக் கூடாது. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. பேக்கேஜ் எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க.