கிரான்பெரி மாத்திரைக்குக் ‘கிருமிக்கொல்லி’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களே,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முகாமுக்கான துண்டறிக்கையில் கிரான்பெரி மாத்திரையைச் ‘சிறுநீர்க் கிருமிக்கொல்லி’ என்று போட்டிருக்கிறோம். மாற்றியே ஆக வேண்டும். அது எதையும் கொல்வதில்லை. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற கிருமி, தன் மேலுள்ள நுண்ணிய இழைகளால் சிறுநீர்ப்பாதைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். கிரான்பெரியிலுள்ள ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின் என்ற பொருள் அப்படிப் பிடிக்க விடாது. பிடி கிடைக்காத கிருமி சிறுநீரோடு போய்விடும் என்பதுதான் கணக்கு.

பினாங்கு நண்பர் இதற்கு ‘ஒட்டுத்தடுப்பி’ என்று போடலாம் என்கிறார். பொருள் சரி. ஆனால் அச்சில் ஒரு சுழி கூடினால் ‘ஓட்டுத்தடுப்பி’ ஆகிவிடும், தேர்தல் நேரத்தில் நமக்கு ஏன் வம்பு?

என் பரிந்துரை ‘பற்றுத்தடுப்பி’. பாகற்கொடி பந்தலைப் பிடிக்கும் உறுப்பைப் பற்றுக்கம்பி என்று தாவரவியலில் ஏற்கெனவே சொல்கிறோம். அந்த வழியிலேயே கிருமியின் இழை ‘பற்றிழை’, அதைப் பிடிக்கவிடாதது ‘பற்றுத்தடுப்பி’. பற்று என்றதும் சாமியாரும் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருவதாக ஐயா ஒருவர் எழுதியிருந்தார். தீயும்தான் பற்றுகிறது ஐயா, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோமே. இதே நோக்கில் விற்கும் டி-மன்னோஸ் சர்க்கரைக்கும் இச்சொல் பொருந்தும்.

பழத்தின் பெயர் கிரான்பெரியாகவே இருக்கட்டும். சிறுநீர்க் கோளாறு பற்றிய தாளில் ‘குருதிநெல்லி’ என்று படித்தால் பாதிப்பேர் பயந்துவிடுவார்கள்.

இவ்வளவு பிடிவாதம் ஏனென்றால், மஸ்ஜித் இந்தியா பக்கம் மருந்துக்கடையில் “கென்சிங் கோத்தோருக்கு (சிறுநீர்த் தொற்றுக்கு மலாய்ப் பேச்சுவழக்கு) இது கேட்குமா?” என்றுதான் நம் அக்காமார் கேட்கிறார்கள். ‘கொல்லி’ என்று படித்தவர் காய்ச்சலும் இடுப்புவலியும் வந்த பிறகும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். அவருக்கு வேண்டியது கிளினிக், ஆண்டிபயாட்டிக். கிரான்பெரி வந்த தொற்றைக் குணமாக்காது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2012இல் பெரிய பலனில்லை என்றது. 50 ஆய்வுகளைச் சேர்த்த 2023 பதிப்போ, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால்பங்கு குறைவதாகச் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் காப்பகத்து முதியோருக்கும் பலன் தெரியவில்லை.

அதனால் ‘மருந்து’ என்றும் எழுத வேண்டாம், ‘துணைச்சத்து மாத்திரை’ போதும். புட்டியில் உள்ள மலேசிய அரசின் மால் (MAL) பதிவு எண் ‘என்’ (N) எழுத்தில் முடிவதும் அது துணைச்சத்து என்பதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ‘பற்றிழை’யில் ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், வார்ஃபரின் (இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து) சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கவும் என்ற வரியை இடமில்லை என்று யாரும் வெட்டிவிடாதீர்கள்.