மறு: லாக் சர்வருக்கு ‘வழங்கி’ பொருந்தாது, ‘குறிப்புத் திரட்டி’ என்போம்

அனைவருக்கும் வணக்கம். நெட்வொர்க் கருவிகள் தமக்கு நடந்ததைக் குறித்து அனுப்பும் செய்திகள்தான் லாக்; அவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் கணினி லாக் சர்வர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன பெயர் என்பது பற்றி வந்த கருத்துக்கு இது பதில்:

> சர்வர் என்றால் வழங்கி என்று எப்போதோ முடிவாகிவிட்டது. லாக் சர்வரைப் ‘பதிவு வழங்கி’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. கடலூரில் பாலிடெக்னிக் மாணவர்களுக்காக நெட்வொர்க் ஆய்வகப் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியாக இந்த இடத்தில்தான் அந்தச் சொல் இடிக்கிறது. இணையப் பக்க வழங்கி பக்கத்தைத் தருகிறது, கோப்பு வழங்கி கோப்பைத் தருகிறது. சிஸ்லாக் (லாக் அனுப்பும் பொது முறை) சர்வரின் வேலை வாங்கி வைப்பது. ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால் எல்லாம் அனுப்பும் செய்திகளை யுடிபி (பதில் எதிர்பார்க்காமல் அனுப்பும் முறை) 514ஆம் துறையில் (போர்ட்) கேட்டுக்கொண்டே இருக்கும். ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு பதில்கூட அங்கிருந்து போகாது. வழங்கி என்று படித்த மாணவர், அதிலிருந்து ரவுட்டருக்கு ஏதோ போகிறது என்றுதான் நினைப்பார்; எந்தப் பக்கப் போக்குவரத்தை விடலாம் என்னும் ஃபயர்வால் விதியையும் திசை மாற்றி எழுதி வைப்பார்.

சிஸ்லாகுக்காக 2009இல் வந்த தர ஆவணம் ஆர்எஃப்சி 5424ஐப் பாருங்கள். அனுப்புவது ஒரிஜினேட்டர், இடையில் வாங்கி மேலே தள்ளுவது ரிலே, கடைசியில் சேர்த்து வைப்பது கலெக்டர் என்று அதுவே வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. நாமும் அப்படியே வைக்கலாம். கலெக்டருக்குத் ‘திரட்டி’ என்பது என் பரிந்துரை. தமிழ் வலைப்பதிவுகளைத் தொகுத்த தமிழ்மணம் தளத்தின் காலத்திலிருந்தே வலைப்பதிவர்களுக்குப் பழகிய சொல் அது. வலைப்பதிவுத் திரட்டி தானே போய் எடுத்து வரும், இது வருவதை மட்டும்தானே வாங்குகிறது என்று கேட்கலாம். தேடிப் போய்ச் சேர்த்தாலும் வந்ததைச் சேர்த்தாலும் திரட்டுவது திரட்டுவதுதான். ரிலேவுக்கு, வானொலியில் ‘அஞ்சல் செய்தல்’ என்று சொல்வதை ஒட்டி ‘அஞ்சல் முனை’ போதும்.

அப்புறம் ‘பதிவு’. பத்திரப் பதிவு, பெயர்ப் பதிவு, வலைப்பதிவு, தரவுத்தளப் பதிவு என்று ஏற்கெனவே அதன் தலையில் சுமை அதிகம். ‘பதிகை’ என்றால் புகுபதிகைதான் (லாகின்) நினைவுக்கு வருகிறது. தனக்கு நடந்ததைக் கருவி தானே குறித்து அனுப்புவதால் ‘நிகழ்குறிப்பு’ என்கிறேன். கூட்டுச்சொல்லில் ‘குறிப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்: குறிப்புத் திரட்டி, குறிப்பேடு (லாக் கோப்பு). லாக் ரொட்டேஷனைச் ‘சுழற்சி’ என்றால் பழையது திரும்பி வரும் போலத் தோன்றும். ஒரு ஏட்டை மூடி அடுத்ததைத் திறப்பதால் ‘ஏடு மாற்றல்’. மிகப் பழைய ஏடு அழிந்துவிடும் என்பதையும் பாடத்தில் சொல்லியாக வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் ஆணைப்படி 180 நாள் குறிப்புகளை இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். வாரத்தில் அழிக்கும்படி அமைத்துவிட்டு அந்த ஆணையை நிறைவேற்ற முடியாது.

நான் அதிகம் கவலைப்படுவது, செய்தி எவ்வளவு அவசரம் என்று காட்டும் ‘சிவியாரிட்டி லெவல்’ பற்றித்தான். பட்டியலில் உள்ள ‘கடுமை நிலை’ எங்கள் பிள்ளைகளைத் தவறாக வழிநடத்தும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. இரண்டு துறைமுகத்திலும் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு இங்கே எல்லோருக்கும் பாடம்: 1 முதல் 11 வரை, பொதுவாக எண் ஏற ஏற ஆபத்து கூடும். சிஸ்லாகில் நேர் எதிர். 0 என்றால் இயந்திரமே முடங்கிய அவசரம், 7 என்றால் பிழை தேடுபவருக்கு மட்டும் வேண்டிய நுணுக்கம். ‘நிலை 7’ என்று படித்தால் கூண்டு நினைவில் பதறுவார்கள்; 1ஐப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ‘கடுமை வரிசை’ என்று வைத்தால், வரிசையில் முன்னால் நிற்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

அதே பட்டியலில் 5ஆம் எண்ணுக்குச் ‘சாதாரண அறிவிப்பு’ என்று போட்டிருக்கிறது. அந்தச் ‘சாதாரண’ வேண்டவே வேண்டாம். சிஸ்கோ சுவிட்சில் ‘லாகிங் டிராப் 4’ என்று கட்டளை கொடுத்தால் 0 முதல் 4 வரை உள்ள செய்திகள் மட்டுமே திரட்டிக்கு வரும். இரவில் யார் உள்ளே வந்து அமைப்பை மாற்றினார் என்ற குறிப்பு 5இல் வருவது. சாதாரணம் என்ற பெயரைப் பார்த்து அதை வெட்டிவிட்டால் பிறகு தேட வழியில்லை. ‘கவனிக்க’ என்று வைப்போம்.

‘ஃபெசிலிட்டி’க்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. செய்தி எந்த வகை மென்பொருளிலிருந்து வந்தது என்று காட்டும் எண் அது. ‘வசதி’ என்று பெயர்ப்பது முழுத் தவறு. சிஸ்கோ பொதுவாக லோக்கல்7 என்னும் வகையில் அனுப்பும், அதன் எண் 23. அதை எட்டால் பெருக்கி, கடுமை வரிசையின் 5ஐக் கூட்டினால் 189. செய்தியின் தொடக்கத்தில் நிற்கும் எண் இதுதான். ‘துறை’ அழகாக இருக்கிறது, ஆனால் 514க்கும் துறை என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘பிரிவு’ பரவாயில்லை. இதைவிடக் கூர்மையான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.